மலை மேல் ஏறிய நெல் வயல்கள்

பிலிப்பைன்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் நெல் விவசாயிகளுக்கு நினைவுக்கு வருவது ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20, ஐ.ஆர்.36, ஐ.ஆர்.50 என்ற ரகங்கள்தாம். அந்நாட்டில் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் 1960-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் இவை. என் தந்தையார் பல ஆண்டுகள் ஐ.ஆர்.20 பயிரிட்டார். பள்ளி விடுமுறையில் அந்த நாற்று முடிகளைச் சுமந்து வயலில் வீசியவன் நான். அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று நம் திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம்.6 என்பது பட்டப்படிப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக நம் நெல்லை அங்கே கொண்டு போய்க் கலப்புச் செய்து, புதிய ரகமாக நமக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கொண்டு கொடுத்த உறவு என்று இதைச் சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் ஒரு பயிற்சிக்காக அந்த நாட்டுக்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்ததும் பத்து நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினேன். 7,600-க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. போஹோல் தீவில் ஆயிரத்துக்கும் அதிகமான குன்றுகள் கவிழ்த்து வைத்த பானைகளைப் போல வரிசையாக நிற்கும். கோடையில் புல் காய்ந்து பழுப்பு நிறமாவதால் சாக்லேட் குன்றுகள் என்று பெயர். ஆல்பாய் மாகாணத்தில் மயோன் எரிமலை, செதுக்கி வைத்த கூம்பு போல இருக்கும். 1814-ல் அது வெடித்தபோது புதைந்து போன ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் இன்றும் மண்ணுக்கு வெளியே நிற்கிறது. பலவான் தீவில் மலைக்கு அடியில் ஓடும் ஆற்றில் படகில் போகலாம். சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போவது இந்த இடங்களுக்கும் கடற்கரைகளுக்கும்தான். வயலில் இறங்கிப் பழகிய நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது வேறு இடத்தில், வடக்கே லூசான் தீவின் மலைகளில் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நெல்லுக்கு ஒரு சொல், அரிசிக்கு ஒரு சொல்

அதற்கு முன் சமவெளியைப் பற்றிச் சிறிது. அந்நாட்டவர் நெல்லைப் 'பாலாய்' என்றும், அரிசியைப் 'பிகாஸ்' என்றும், சோற்றைக் 'கானின்' என்றும் சொல்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நாடுகள் எத்தனையோ உண்டு. நெல், அரிசி, சோறு என்று பிரித்துச் சொல்லும் நமக்கு அங்கே போனதும் ஒரு நெருக்கம் உண்டாகிறது. மாம்பழத்தை அவர்கள் 'மங்கா' என்கிறார்கள். நம் 'மாங்காய்' மலாய் மொழி வழியாகப் போய்ச் சேர்ந்த சொல் அது என்று மொழி அறிஞர்கள் கூறுவர்.

லாஸ் பானோஸ் நகருக்குத் தென்கிழக்கே, கேசோன் மாகாணத்தில் லுக்பான் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே 15-ஆம் நாள் அங்கே 'பாஹியாஸ்' என்னும் அறுவடை விழா நடக்கிறது. உழவர்களின் காவலர் என்று கத்தோலிக்கர்கள் போற்றும் புனித இசிதோருக்கு நன்றி சொல்லும் விழா அது. ஊர்வலம் போகும் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் முகப்பையும் அந்த வீட்டார் விளைவித்த பொருள்களாலேயே மூடிவிடுகிறார்கள். நெற்கதிர்க் கட்டுகள், தேங்காய்க் குலைகள், பாகல், புடல், கத்தரி, மிளகாய், வாழைத் தார் எல்லாம் கூரை வரை தொங்குகின்றன. இவற்றுக்கு இடையில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் இலை வடிவத் தகடுகள் கொத்துக் கொத்தாகக் காற்றில் ஆடும். நான் முதலில் காகிதம் என்று நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் நம் வீட்டு இலை வடாம்! அரிசி மாவைக் கரைத்து, உண்மையான இலையின் மேல் தடவி, ஆவியில் வேகவைத்து, உரித்து உலர்த்துகிறார்கள். நரம்போடு இலையின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். 'கிப்பிங்' என்று பெயர். விழா முடிந்ததும் சுட்டோ பொரித்தோ தின்று விடலாம். மாலையில் அலங்காரத்தில் இருந்த காய்கனிகளை வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு பாகற்காயும் இரண்டு வடாமும் கிடைத்தன.

ஊர்வலம் எல்லாத் தெருக்களிலும் ஒரே ஆண்டில் போவதில்லை. பாதையை ஆண்டுக்காண்டு மாற்றுகிறார்கள். எந்தத் தெருவின் முறையோ அந்தத் தெரு அலங்கரிக்கும். செலவும் பெருமையும் பகிர்ந்து போக நல்ல ஏற்பாடு.

ஒன்பது மணி நேரப் பேருந்து

தலைநகர் மணிலாவிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் சுமார் ஒன்பது மணி நேரத்தில், வடக்கே ஏறத்தாழ 350 கிலோ மீட்டர் தள்ளி, இபுகாவ் மாகாணத்தின் பனாவே என்னும் மலை ஊரில் இறங்கலாம். விடியற்காலையில் பனிமூட்டம் விலகும்போது எதிரே மலையே படிக்கட்டாக நிற்பது தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு நெல் வயல். கீழே ஆற்றங்கரையில் தொடங்கி மேலே மேகம் தொடும் இடம் வரை, ஒன்றன் மேல் ஒன்றாகப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னுகிறது. ஒரு வயலுக்கும் அதற்குக் கீழ் வயலுக்கும் இடையே உள்ள சுவர் பல இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல். சில ஊர்களில் கற்சுவர், சில ஊர்களில் களிமண் சுவர். சிமெண்டோ சுண்ணாம்போ கிடையாது. கையும் கடப்பாறையும் மரப் பலகைக் கருவிகளும் கொண்டு கட்டியவை.

பிலிப்பைன்ஸ் அரசு 2010-ல் வெளியிட்ட 20 பெசோ நோட்டின் பின்புறத்தில் இந்த வயல்களின் படத்தை அச்சிட்டது. யுனெஸ்கோ நிறுவனம் 1995-ல் இபுகாவ் பகுதியின் ஐந்து வயல் தொகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கோட்டையும் கோயிலும் இடம் பெறும் பட்டியலில் உழவன் வரப்பும் இடம் பெற்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி.

இவை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பாடப் புத்தகங்களிலும் அப்படித்தான் உள்ளது. அண்மைக் காலத்தில் ஸ்டீபன் அக்காபாடோ என்ற அந்நாட்டுத் தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் மண்ணைத் தோண்டி ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். முன்பு அங்கே சேம்புதான் பயிரானது. ஸ்பானியர்கள் சமவெளியைப் பிடித்த பின், சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புதான் நெல் வயல்கள் வேகமாகப் பெருகின என்பது அவர்கள் கருத்து. அந்நியருக்குப் பணியாமல் மலையில் நிலைத்து நிற்க, மக்களைத் திரட்டி, வயல் கட்டினார்கள் என்கிறார்கள். பழமை குறைந்தால் பெருமை குறையுமா என்ன? என் கண்ணுக்கு இந்த விளக்கத்தில்தான் அந்த மக்களின் உறுதி கூடுதலாகத் தெரிகிறது. பல தலைமுறை முயன்றும் ஸ்பானியர்களால் அந்த மலையை முழுமையாக அடக்க முடியவில்லை.

காடு இருந்தால்தான் வயல்

பனாவேயிலிருந்து ஹுங்துவான் பகுதியில் உள்ள ஹபாவ் என்ற ஊருக்குச் சென்று, ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் நான்கு நாட்கள் தங்கினேன். வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். கூட வந்த வழிகாட்டி இளைஞர் மொழிபெயர்த்துச் சொன்னார்.

முதல் நாள் அந்த அம்மையார் என்னை வயலுக்கு அழைத்துப் போகவில்லை. வயலுக்கு மேலே இருந்த காட்டுக்குள் அழைத்துப் போனார். "வயலைப் பார்க்க வந்தவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்" என்றார். 'முயோங்' என்று அந்தக் காட்டுக்குப் பெயர். அரசுக் காடு அல்ல, குடும்பக் காடு. வயல்களுக்கு மேலே உள்ள சரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் காடு உண்டு. விறகு, வீட்டு மரம், பிரம்பு, மருந்துச் செடி எல்லாம் அதிலிருந்துதான். தேவைக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டினால் நட வேண்டும். முழுவதும் அழித்தவனை ஊர் சும்மா விடாது. ஏனென்றால் அந்தக் காட்டு மண்ணில் ஊறி வரும் ஊற்று நீர்தான் வாய்க்கால் வழியாக வந்து உச்சி வயலை நிரப்புகிறது. அங்கிருந்து மடை வழியாக அடுத்த படிக்கு, அதற்கடுத்த படிக்கு என்று ஆறு வரை இறங்குகிறது. ஏரி இல்லை, அணை இல்லை, பம்பு செட்டு இல்லை. காடுதான் ஏரி.

உச்சி வயல்காரர் மடையை அடைத்தால் கீழே உள்ள அத்தனை வயலும் காயும். கீழ் வயல்காரர் தன் சுவரைக் கவனிக்காமல் விட்டால் மேல் வயல் சரிந்து வந்து விழும். ஆகவே அங்கே யாரும் தனியாக விவசாயம் செய்ய முடியாது. நடவுக்கும் களைக்கும் அறுவடைக்கும் ஆள் மாற்றி ஆள் போய் உழைக்கிறார்கள். இன்று உன் வயல், நாளை என் வயல். இதற்கு 'உப்பு' என்று பெயர்! நம் உப்போடு சம்பந்தமில்லை; அவர்கள் மொழியில் கைமாற்று உழைப்புக்கு அந்தப் பெயர். சுவர் இடிந்தாலோ வீடு விழுந்தாலோ கூலியும் கைமாறும் எதிர்பாராமல் ஊரே வந்து உதவுவது 'பத்தாங்' எனப்படும்.

இந்த வயல்களில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறது. அறுவடைக்குப் பின்னும் வடிப்பதில்லை. 'வயலுக்கு ஓய்வு கொடுத்துக் காயப் போடுங்கள்' என்று நாம் சொல்லும் யோசனை அங்கே செல்லாது. களிமண் காய்ந்தால் வெடிக்கும்; வெடிப்பில் அடுத்த மழைத் தண்ணீர் புகுந்தால் சுவர் வயிறு தள்ளிச் சரியும். ஒரு சுவர் போனால் அதன் கீழே உள்ள மூன்று நான்கு வயல்களும் சேர்ந்து போகும். அறுவடைக்குப் பின் வைக்கோல், களை, சேறு எல்லாவற்றையும் தண்ணீருக்கு நடுவே வட்ட வட்டமான மேடுகளாகக் குவித்து, அந்த மேடுகளில் வெங்காயம், கோஸ் போன்ற காய்கறி போடுகிறார்கள். அடுத்த நடவுக்குள் மேடு மக்கி எருவாகிவிடும். அதைக் கலைத்துப் பரப்பி மிதித்துவிடுகிறார்கள். பெரும்பாலான வயல்களுக்கு எருமையை ஏற்றவே முடியாது. மனிதக் காலும் மரப் பலகையும்தான் உழவு.

என் கணக்கும் அவர் கணக்கும்

அங்கே பயிராகும் பழைய ரகங்களுக்குத் 'தினாவோன்' என்று பொதுப் பெயர். ஆண்டுக்கு ஒருமுறை விளைவது என்று பொருள். குளிரைத் தாங்கும், உயரமாக வளரும், அரிசி பருமனாக, மணமாக இருக்கும். குளிர் காலத்தில் நாற்று விட்டு, நட்டு, ஜூன், ஜூலை, சில ஊர்களில் ஆகஸ்ட் மாதத்தில்தான் அறுக்கிறார்கள். மகசூல் நம் கணக்குக்கு மிகக் குறைவு. லாஸ் பானோஸில் அதே வாரம் ஒரு வயலைப் பார்த்து வந்திருந்தேன். 1960-களிலிருந்து ஒரே மண்ணில் தொடர்ந்து, ஆண்டுக்கு மூன்று போகம் வரை நெல் எடுத்துச் சோதித்து வந்த வயல் அது. அந்த நினைப்பில், ஹபாவ் அம்மையாரிடம் என் தொழில் புத்தியைக் காட்டிவிட்டேன். "குறுகிய கால ரகம் போட்டால் இரண்டு போகம் எடுக்கலாமே, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சிலர் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு போகம் எடுத்தால் சுவரை எப்போது கட்டுவது?" என்றார். பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கீழ்நாட்டு நெல் இந்தக் குளிருக்குப் பதராகிறது. இங்கே அரிவாளால் அறுப்பதில்லை; உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தியால் பெண்கள் கதிர் கதிராகக் கிள்ளி, கழுத்தைச் சேர்த்துக் கட்டி, தோளில் வைத்து மலையேறுகிறார்கள். கீழ்நாட்டு நெல்லின் கதிர்க் காம்பு குட்டை. மணியும் எளிதில் உதிரும். வீடு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் போய்விடும். மேலும், ஒருவர் வயல் மட்டும் முன்னால் முற்றினால் ஊர் எலியும் ஊர்க்குருவியும் அந்த வயலில்தான் விழும்.

இந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. ஒரே சமயத்தில் நடவு செய்யுங்கள், பூச்சியும் எலியும் குறையும் என்று நானே எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அங்கே அதை ஒரு மரபாகவே வைத்திருக்கிறார்கள். 'தும்மோனா' என்னும் மூத்த குடும்பம் முதலில் நட்ட பிறகுதான் மற்றவர்கள் நட வேண்டும். அந்தக் குடும்பம் முதலில் அறுத்த பிறகுதான் மற்றவர்கள் அறுக்க வேண்டும். இன்ன நாள் வயலில் யாரும் இறங்கக் கூடாது என்று ஓய்வு நாளும் உண்டு.

எலிக்கு அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். பழைய இபுகாவ் வீடு நான்கு மரத் தூண்கள் மேல் நிற்கும். ஒவ்வொரு தூணிலும், தரைக்கு மேலே வீட்டுத் தளத்துக்குக் கீழே, குடை கவிழ்த்தது போல வட்டமான மரத் தகடு ஒன்றைக் கோர்த்திருக்கிறார்கள். தூணில் ஏறும் எலி அந்தத் தகட்டைச் சுற்றி வர முடியாமல் கீழே விழும். ஏணியை இரவில் மேலே எடுத்துவிடுவார்கள். கூரையின் உட்பகுதிதான் நெற்களஞ்சியம். அடுப்புப் புகை பட்டு நெல் வண்டு அரிக்காமல் இருக்கும். மர வீடு முழுவதிலும் ஒரு ஆணி கிடையாது. களஞ்சியம் அல்லது சேமிப்புக் குதிர் வைத்திருப்பவர்கள் கால்களில் இது போலத் தகரத் தகடு பொருத்திப் பார்க்கலாம். தரையிலிருந்து குறைந்தது மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும். அருகில் எலி தாவி ஏற வசதியாக மரக்கிளையோ மூட்டையோ இருக்கக் கூடாது.

தலைமகன் தங்குவானா?

அந்த மக்களிடம் வயலையும் காட்டையும் துண்டாக்கிப் பங்கு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே பெரும் பகுதி போகும். வயல் சிதறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். பாகப் பிரிவினையில் வரப்புகள் மட்டுமே பெருகும் நம் ஊர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். ஆனால் இளைய பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மலையிறங்கி பாகியோ, மணிலா, வெளிநாடு என்று போய்விடுகிறார்கள். இப்போது மூத்தவர்களும் போகிறார்கள். அந்த அம்மையாரின் மூத்த மகள் நகரத்தில் வேலை பார்க்கிறார். "திரும்பி வருவாரா?" என்று கேட்டேன். "பண்டிகைக்கு வருவாள்" என்றார்.

யுனெஸ்கோ 2001-ல் இந்த வயல்களை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்போது வயல்களில் கால் பங்குக்கும் மேல் கைவிடப்பட்டிருந்தன. பராமரிப்புப் பணிகளுக்குப் பிறகு, 2012-ல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் பட்டியலிலிருந்து நீக்கியதால் சுவர் தானாக நிற்காது. பல குடும்பங்களுக்குத் தம் வயல் நெல் ஆண்டு முழுவதும் சாப்பிடப் போதாது. கீழ்நாட்டு அரிசியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பெரிய மண்புழு இனங்கள் சுவரைத் துளைத்து நீரைக் கசிய விடுகின்றன. 1980-களில் உணவுக்காக வளர்க்கலாம் என்று தென் அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்சுக்குக் கொண்டு வந்த பொன்னிற நத்தை வளர்ப்புத் தொட்டியிலிருந்து தப்பி, நெல் வயலுக்குள் புகுந்து, இளம் நாற்றைத் தின்று தீர்க்கிறது. நாட்டின் சமவெளி முழுவதும் பரவி, மலைக்கும் ஏறிவிட்டது. வயலில் வாத்து விடுதல், காலையிலும் மாலையிலும் கையால் பொறுக்கி அழித்தல், இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை நசுக்குதல், நட்ட சில வாரங்களுக்குத் தண்ணீரை மிகக் குறைவாக வைத்தல் ஆகியவையே அங்கே கையாளும் வழிகள். யாரோ நல்லெண்ணத்தோடு கொண்டு வந்த ஓர் உயிர் செய்த வேலை இது.

இரண்டாம் நாள் அந்த வீட்டாரின் வயலில் ஒரு சுவர் சரிந்திருந்ததைக் காட்டினார்கள். முந்தைய வாரத்து மழையில், இரண்டு மாட்டு வண்டி நீளத்துக்குச் சரிந்திருந்தது. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ஆற்றிலிருந்து கல்லைத் தூக்கி வரிசையாக நின்று கை மாற்றினோம். நானும் அரை நாள் நின்றேன். அடுத்த இரண்டு நாள் முதுகு பேசியது. பெரிய கல்லை அடியில் வைத்து, இடையில் சிறு கல் திணித்து, பின்புறம் சரளையும் மண்ணும் இட்டு, சுவரைச் சிறிது மலைப் பக்கம் சாய்த்துக் கட்டுகிறார்கள். கசிவு நீர் வெளியேற வழி விடுகிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள எந்தப் பள்ளியும் இல்லை. அந்த ஏழு பேருக்குப் பின் கல் அடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

பாட்டும் இழுவைப் போட்டியும்

'ஹுத்ஹுத்' என்பது இபுகாவ் பெண்கள் களை எடுக்கும்போதும் அறுக்கும்போதும், இழவு வீட்டில் கண் விழிக்கும்போதும் பாடும் கதைப்பாட்டு. மூத்த பெண் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கதைகள், ஒவ்வொன்றிலும் நாற்பது பகுதிகள். ஒரு கதையை முழுதும் பாடப் பல நாட்களாகும். 2001-ல் யுனெஸ்கோ இதையும் சிறப்பித்தது. கையால் கதிர் கிள்ளும் அறுவடை இருக்கும் வரைதான் இந்தப் பாட்டுக்கு வயலில் இடம். இப்போது பள்ளிச் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாகவே இருந்தது.

நெற்களஞ்சியத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி மர உருவங்களைக் காவலுக்கு வைப்பது வழக்கம். 'புலூல்' என்பார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் உருவங்களும் உண்டு. 'மும்பாகி' என்னும் பூசாரி சடங்கு செய்து, பன்றி அல்லது கோழி இரத்தம் பூசிய பிறகுதான் அதற்குச் சக்தி வருமாம். பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்களாகிவிட்டதால் பூசாரிகள் அருகிவிட்டார்கள். பழைய புலூல் உருவங்கள் களவு போய் வெளிநாட்டுப் பணக்காரர் வீடுகளில் அலங்காரப் பொருள்களாக நிற்கின்றன.

ஹபாவில் அறுவடை முழுதும் முடிந்த மறுநாள் 'புன்னுக்' நடக்கும். பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில் வரும். பக்கத்துப் பக்கத்து ஊரார் வண்ண உடையில் வரிசையாக வரப்பு மேல் நடந்து ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரு கரையாகப் பிரிந்து இழுவைப் போட்டி நடத்துவார்கள். வைக்கோலால் செய்த உருவத்தையும் கொக்கி போன்ற மரக்கிளைகளையும் கொண்டு இழுக்கிறார்கள். முடிந்ததும் அவற்றை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா இது. நான் மே மாதத்தில் போனதால் பார்க்கக் கிடைக்கவில்லை. போகிறவர்கள் ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால் அது புயல், மழைக் காலம் என்பதால் பாதை அடைபடக் கூடும்.

போக நினைப்பவர்களுக்கு

இதைப் படிப்போர் எல்லோரும் விமானம் ஏறப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். விடுமுறையில் அவர்கள் போகலாம்.

வயல்கள் பச்சையாக இருப்பது ஏப்ரல், மே. பொன்னிறமாவது ஜூன், ஜூலை. பனாவேயிலிருந்து பதாத் என்ற ஊருக்குப் போனால், வட்ட அரங்கம் போல வயல்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கைக் காணலாம். கடைசித் தூரம் நடந்துதான் போக வேண்டும். இரவில் குளிரும், போர்வையும் வழுக்காத செருப்பும் தேவை. கையில் ரொக்கம் வைத்திருங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். பல இடங்களில் சுவரில் துருத்தி நிற்கும் கற்களே படிகள். சுவரின் விளிம்பில் மிதித்தால் கல் பெயரும், அதைத் திரும்ப வைக்கும் வேலை அந்த அம்மையாருக்குத்தான். பெரிய ஓட்டலைவிட விவசாயி வீட்டில் தங்குங்கள். சாலையோரம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பும் வண்டிகளால் வண்டிக்காரருக்கு வருமானம். சுவர் கட்டுகிறவருக்குச் சல்லிக்காசு இல்லை. நினைவுப் பொருள் வாங்க வேண்டுமானால் பழைய உருவங்களைத் தேடாமல், தினாவோன் அரிசி வாங்குங்கள். சாதாரண அரிசியைவிட விலை அதிகம்தான்.

அரிசி வாங்கலாம், விதை நெல் கூடாது. 2003-ஆம் ஆண்டின் பயிர்த் தடுப்புக் காப்பு ஆணைப்படி, அனுமதி இல்லாமல் விதையையும் செடியையும் நம் நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம். ஒரு பிடிதானே என்று சட்டைப் பையில் போட்டு வருகிறவர்கள் நம்மிலும் உண்டு. அதோடு ஒட்டி வரும் நோய்க்கு ஒரு பிடியே போதும். ஆராய்ச்சிக்கு வேண்டுமானால் அதற்கென்று உள்ள அரசு நிறுவனங்கள் வழியே வரட்டும்.

இதைச் சொல்லும் நானே கடைசி நாள் காலையில் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மையார் களஞ்சியத்திலிருந்து ஒரு கட்டுக் கதிரை இறக்கி வந்து, "உங்கள் ஊரில் போட்டுப் பாருங்கள்" என்று என் கையில் வைத்தார். மணி ஒவ்வொன்றும் மூசு மூசென்று, நீண்ட கூர்மையான மூக்கோடு இருந்தது. என் தந்தையார் இருந்தால் என்ன செய்திருப்பாரோ! சட்டத்தை வழிகாட்டி இளைஞர் மூலம் விளக்கிச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சற்று வாடியது. பிறகு உள்ளே போனார். உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து, அந்த நெல்லின் சோற்றை வாழை இலையில் சூடாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். பனாவே பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், அதை அப்படியே சாப்பிட்டேன்.